தீசிஸ் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி, கனடா: முடிச்சாச்சு, இப்ப நேர்மையா ஒரு ரிவியூ

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். மீதி ஒன்றரை ஸ்டார் எங்க போச்சுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், பொறுமை இல்லாதவங்க இந்த பாராவோட கெளம்பிக்கலாம்: கெமிஸ்ட்ரி நெஜமாவே புடிக்கும், மெஷினை கையால தொட்டு வேலை செய்யணும், அப்பா தலைல பெரிய லோன் ஏத்தக் கூடாதுன்னா தாராளமா போங்க. பிஆர் (கனடால நிரந்தரமா தங்கற அனுமதி) மட்டும்தான் குறின்னா வேற வழி பாருங்க, அதுக்காக லேப்ல புகை உறிஞ்சற ஃப்யூம் ஹுட் முன்னாடி கால் கடுக்க நிக்க வேணாம்.

எதைப் பத்தி பேசுறேன்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர்ல எம்எஸ்சின்னா எல்லாருக்கும் ஒரே படம்தான் மனசுல வரும், நாலு செமஸ்டர், கடைசி செமஸ்டர்ல ஒரு ப்ராஜெக்ட், ஒரு வைவா, முடிஞ்சுது. கனடால ரெண்டு தினுசு இருக்கு. கோர்ஸ் பேஸ்டுன்னா நீங்க ஃபீஸ் கட்டி க்ளாஸ் போறீங்க. தீசிஸ் பேஸ்டுன்னா பேருக்கு ரெண்டு மூணு கோர்ஸ், மத்த நேரம் பூரா ஒரு ப்ரொஃபசரோட லேப்ல ஆராய்ச்சி, கடைசில தீசிஸ் எழுதி கமிட்டி முன்னாடி டிஃபென்ட் பண்ணணும், அதுக்கு பதிலா அவங்களே உங்களுக்கு ஸ்டைபெண்ட் குடுப்பாங்க. அமெரிக்கால கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் பெரும்பாலும் நேரா பிஹெச்டிக்குத்தான் ஆள் எடுக்கும், பாதில வெளிய வர்றவங்களுக்கு மாஸ்டர்ஸ குடுத்து அனுப்புவாங்க, அதனால அங்க வெறும் எம்எஸ்ஸுனு சொன்னா ஏன் பாதில விட்டீங்கன்னு ஒரு பார்வை இருக்கும். கனடால அது இல்ல, எம்எஸ்சி தனி டிகிரியாவே மதிக்கப்படுது, இது ஒரு பெரிய ப்ளஸ். ஊர்ல கன்சல்டன்சிக்காரங்க இதைப் பத்தி வாயே தொறக்க மாட்டாங்க, நான் போய் கேட்ட எடத்துல "அதெல்லாம் கெடைக்காதுங்க, இந்த காலேஜ்ல டிப்ளமோ போடலாம்"னு ப்ரோஷரை நீட்டுனாங்க.

இப்ப காசு விஷயம், இங்கதான் முதல் அரை ஸ்டார் போச்சு. ஆஃபர் லெட்டர்ல வருசத்துக்கு இவ்ளோ டாலர்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அதை அறுபதால பெருக்கிப் பாத்துட்டு வீட்ல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்துடாதீங்க. பல யுனிவர்சிட்டில ட்யூஷன் ஃபீஸும் அதுக்குள்ளயேதான் அடக்கம், ஒரு கைல குடுத்து மறு கைல வாங்கிக்குவாங்க, இன்டர்நேஷனல் ஃபீஸ் வேற தனி ரேட்டு, அதுக்கு மேல ஹெல்த் இன்சூரன்ஸ், பஸ் பாஸ், ஸ்டூடன்ட் யூனியன்னு சில்லறையா கழியும். அதனால ஆஃபர் வந்த உடனே ஒரே கேள்வி கேளுங்க, ஃபீஸெல்லாம் போக மாசம் கைல எவ்ளோ நிக்கும்னு. கூச்சப்பட வேணாம், அங்க இது சாதாரண கேள்வி, க்ராஜுவேட் ஆபீஸ்ல பதில் எழுதியே அனுப்புவாங்க. ஸ்டடி பர்மிட்டுக்கு ட்யூஷன் போக கைல காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பர் 1லேர்ந்து தனி ஆளுக்கு 22,895 டாலர், க்யூபெக்குக்கு கணக்கு வேற. ஃபண்டிங் லெட்டர் இருந்தா அதையும் சேத்து காட்டலாம், தீசிஸ் ரூட்டோட பெரிய நிம்மதியே அதுதான். 2026 ஜனவரி 1லேர்ந்து அரசு யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ், பிஹெச்டி பண்றவங்களுக்கு ஸ்டடி பர்மிட்டுக்கு ப்ராவின்ஸ் (மாகாண) அரசுகிட்ட வாங்கற அட்டஸ்டேஷன் லெட்டரும் தேவையில்லன்னு ஆக்கிட்டாங்க, அது ஒரு தலைவலி கொறஞ்சுது.

ஸ்டைபெண்ட்ல ஒரு பங்கு டிஏ, அதாவது டீச்சிங் அசிஸ்டென்ட் வேலைக்கு. முதல் வருச பசங்களுக்கு லேப் எடுக்கணும், நோட்டு திருத்தணும். எனக்கு இது புடிச்சிருந்துதுன்னுதான் சொல்வேன், டைட்ரேஷன்ல நம்மளை அடிச்சுக்க ஆளில்ல, பத்தாவதுலேர்ந்து பண்ணின பழக்கம், ஃபினால்ஃப்தலீன் லேசா ரோஸ் அடிக்கும்போதே நிறுத்தச் சொல்லிக் குடுத்தா பசங்க ஏதோ மேஜிக் பாத்த மாதிரி பாப்பாங்க. ஆனா பிப்பெட்டை வாயில வெச்சு உறிஞ்சற நம்ம காலேஜ் கதைய மட்டும் தப்பித்தவறி சொல்லிடாதீங்க, சேஃப்டி ஆபீஸ் வரைக்கும் போகும். அரை மார்க்குக்கு மெயில் மேல மெயில் போடற பசங்க அங்கயும் உண்டு.

இந்த ப்ராடக்டோட நெஜமான ஹைலைட் மெஷின்தான். ஊர்ல எம்எஸ்சி பண்ணும்போது என்எம்ஆர்னா (மூலக்கூறோட அமைப்பை காட்டற மெஷின்) என்னன்னு புக்ல படிச்சு பரீட்சை எழுதி டாப்பரே ஆயிடலாம், மெஷினை கண்ணால பாத்திருக்க மாட்டோம், சாம்பிளை குப்பில போட்டு ஐஐடி மெட்ராஸ்ல வெளியாளுங்க சாம்பிளையும் பாத்துக் குடுக்கற சைஃப் சென்டருக்கோ வேற யுனிவர்சிட்டிக்கோ அனுப்பிட்டு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருப்போம், வந்த பேப்பரை அப்படியே ப்ராஜெக்ட்ல ஒட்டுவோம். இங்க முதல் மாசமே ட்ரெய்னிங் குடுத்து லாகின் குடுத்துட்டாங்க. காலைல ரியாக்ஷன் போட்டு, மத்தியானம் கொஞ்சூண்டு எடுத்து டியூட்டரேட்டட் க்ளோரோஃபார்ம்ல கரைச்சு, ட்யூபை ஆட்டோசாம்ப்ளர்ல வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா ஸ்பெக்ட்ரம் ரெடி. தப்பா போயிருந்தா அன்னிக்கே தெரியும், அன்னிக்கே வேற மாதிரி போடலாம். கெமிஸ்ட்ரி எனக்கு உள்ள எறங்கினது இப்படித்தான், எந்த க்ளாஸ்லயும் இல்ல.

ஒரு உதாரணம் சொல்றேன், ஏன்னா தீசிஸ் டிகிரி என்ன கத்துக்குடுக்குதுன்னு இதுல தெரியும். எங்க லேப்ல புதுசா வந்த ஒரு பையன், "அக்கா ஈல்டு 94 பர்சென்ட்"னு குதிச்சுக்கிட்டு வந்தான். என்எம்ஆர் ஸ்பெக்ட்ரத்துல ஒவ்வொரு பொருளுக்கும் அதுக்குன்னு ஒரு நம்பர்ல குச்சி வரும், தொறந்தா 7.26ல க்ளோரோஃபார்ம், அது சரி, 1.56ல தண்ணி, அதுவும் பரவால்ல, ஆனா 4.12ல அழகா ஒரு குவார்டெட் (நாலா பிரிஞ்ச குச்சி), 2.05ல ஒரு சிங்லெட் (ஒத்தைக் குச்சி), 1.26ல ஒரு ட்ரிப்லெட் (மூணா பிரிஞ்சது). எத்தில் அசிடேட். ப்ராடக்டை பிரிச்செடுக்க காலம் க்ரொமட்டோக்ராஃபி ஓட்டின சால்வென்ட் முழுசா போகவே இல்ல, சால்வென்டை ஆவியாக்கற ரோட்டாவேப்ல பத்து நிமிசம் வெச்சுட்டு எடை போட்டுட்டான். இன்டெக்ரேட் பண்ணி அந்த எடைய கழிச்சா 80 கூட தேறல. திரும்ப டைக்ளோரோமீத்தேன் விட்டு ரெண்டு தடவை ஆவியாக்கி, ராத்திரி பூரா ஹை வேக்குவம்ல விட்டு, மறுநாள் எடை போட்டான். 1997ல ஜர்னல் ஆஃப் ஆர்கானிக் கெமிஸ்ட்ரில வந்த அந்த சால்வென்ட் இம்ப்யூரிட்டி டேபிள் உலகத்துல எல்லா என்எம்ஆர் ரூம் சுவத்துலயும் ஒட்டியிருக்கும், அதை ஆறு மாசத்துல மனப்பாடமாவே சொல்லுவீங்க, க்ரீஸ் 0.86, அசிட்டோன் 2.17னு.

என்னோட வேலை பல்லேடியம் கப்ளிங், அதாவது பல்லேடியத்தை வெச்சு ரெண்டு மூலக்கூறை ஒட்ட வைக்கறது, அதுக்கு பாஸ்ஃபீன் லிகண்ட் (பல்லேடியத்தோட ஒட்டிக்கற பாஸ்பரஸ் காம்பவுண்ட்) செய்யறது. 2010ல ஹெக், நெகிஷி, சுசுகி மூணு பேருக்கும் நோபல் வந்த ஏரியா, அதனால ஏற்கனவே ஆயிரம் பேர் மேஞ்சுட்டுப் போன காடு, மிச்சம் மீதிய நம்ம பொறுக்கணும். பல பாஸ்ஃபீன் கொஞ்சம் காத்து பட்டாலே ஆக்ஸைடா மாறிடும், சில லிகண்டெல்லாம் ஃப்ளாஸ்கை தொறந்து மூடறதுக்குள்ள போயிடும். பாஸ்பரஸ் என்எம்ஆர்ல ட்ரைஃபினைல்பாஸ்ஃபீன் மைனஸ் 5 பக்கம் வரும், ஆக்ஸைடு ப்ளஸ் 29 பக்கம் போய் நிக்கும், அந்த ப்ளஸ் பக்கம் ஒரு குச்சி நீட்டிக்கிட்டிருந்தாலே வாரம் வீண்னு புரிஞ்சுக்கலாம். காத்து புகாத க்ளவ்பாக்ஸ் பெட்டிக்குள்ள தடி கையுறைய மாட்டிக்கிட்டு மூணு மில்லிகிராம் எடை போடறது இருக்கே, ஸ்டாட்டிக்ல பவுடர் பறந்து ஸ்பாட்டுலால ஒட்டும், பேலன்ஸ் நம்பர் ஒரு எடத்துல நிக்காது, அங்கதான் எனக்கு கெட்ட வார்த்தையே பழக்கமாச்சு.

சேஃப்டிக்கு முழு மார்க் குடுக்கலாம். விமிஸ்னு கெமிக்கல் ஆபத்து பத்தின ட்ரெய்னிங் முடிக்காம லேப் சாவியே குடுக்க மாட்டாங்க. 2008 டிசம்பர்ல யுசிஎல்ஏ லேப்ல டெர்ட் பியூட்டில் லித்தியம் தீப்பிடிச்சு ஒரு சின்ன வயசு ரிசர்ச் அசிஸ்டென்ட் இறந்து போனாங்க, லேப் கோட் கூட போட்டிருக்கல, அந்த கேஸை ட்ரெய்னிங்ல சொல்லும்போது ரூமே கப்சிப்னு ஆச்சு. அதுக்கப்புறம் தனியா ராத்திரில பைரோஃபோரிக் (காத்து பட்டாலே தீப்பிடிக்கற) ஐட்டம் எதையும் தொடவே கூடாதுன்னு எங்க லேப்ல கறாரா ரூல்.

சரி, மெயின் மேட்டருக்கு வரேன். இந்த டிகிரில நீங்க வாங்கற பொருள் யுனிவர்சிட்டி கெடையாது, சூப்பர்வைசர். யுனிவர்சிட்டி பேரு கல்யாண மண்டபம் மாதிரி, மண்டபம் ஏசியா, பார்க்கிங் இருக்கான்னு பாத்துட்டு மாப்பிள்ளை யாருன்னு கேக்காம தாலி கட்டிக்கிட்டா எப்படி இருக்கும், ரேங்கிங் பாத்து போறவங்க கதை அதுதான். ரெண்டு வருசமும் உங்க சந்தோசம், தூக்கம், எப்ப முடிப்பீங்க எல்லாமே அந்த ஒரு ஆள் கைல. என்னோட சூப்பர்வைசர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாரு, எனக்கு "சார்"னு வாய் வரைக்கும் வந்து நிக்கும், கடைசி வரைக்கும் எப்படியும் கூப்பிடாம "ஹாய்"னே ஓட்டிட்டேன், க்ரூப் மீட்டிங்ல ஒரு தடவை கூட குரல் ஒசத்தினதில்ல. பிரச்சனை வேற. "எப்ப போதும்?"ங்கற கேள்விக்கு அவர்கிட்ட பதிலே கெடையாது. சப்ஸ்ட்ரேட் டேபிள் முடிஞ்சுதுன்னா மெக்கானிசம் பாக்கலாம்பாரு, மெக்கானிசம் ஓரளவு வந்ததும் கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் இருந்தா நல்லாருக்கும்பாரு, கிரிஸ்டல் என்ன நம்ம அவசரத்துக்கா வளரும். "ஜஸ்ட் ஒன் மோர் எக்ஸ்பெரிமென்ட்" இதை கேட்டாலே எனக்கு இப்பவும் வயித்தைக் கலக்கும். ட்ராஃப்ட் சேப்டர் குடுத்தா வாரக்கணக்குல திரும்ப வராது, வந்தா கமாக்கள் திருத்தியிருக்கும், சயின்ஸைப் பத்தி ஒரு வரி இருக்காது. ஸ்டைபெண்ட் ஒரு கட்டத்துல நின்னுடும், ஃபீஸ் நிக்காது, அந்த கடைசி செமஸ்டர்தான் மீதி ஒரு ஸ்டாரை முழுங்கினது.

பாடத்திட்டத்துல எவ்ளோ பக்கம், எத்தனை காம்பவுண்டுன்னு எங்கயும் எழுதியிருக்க மாட்டாங்க, "மாஸ்டர்ஸ் லெவலுக்கு தகுந்த பங்களிப்பு"ன்னு மட்டும்தான் இருக்கும். அதனால தப்பிக்கற வழி கமிட்டிதான். சூப்பர்வைசரைத் தவிர இன்னும் ரெண்டு ப்ரொஃபசர் கமிட்டில இருப்பாங்க, வருசத்துக்கு ஒரு தடவை மீட்டிங் நடக்கும், பலபேர் அதை சடங்கா நெனச்சுட்டு ஸ்லைட் காட்டிட்டு வந்துடுவாங்க. அப்படி விடாதீங்க, அங்கயே எல்லார் முன்னாடியும் "இந்த மூணு விஷயம் முடிச்சா எழுத ஆரம்பிக்கலாமா"ன்னு கேட்டு மீட்டிங் ரிப்போர்ட்ல ஏத்திடுங்க. எங்க டிபார்ட்மென்ட்ல சீனியர் அக்கா ஒருத்தங்க, கொழும்புலேர்ந்து வந்தவங்க, சொல்லிக் குடுத்தது இது, பேச்சுல சொன்னதுக்கு ஞாபகம் இருக்காது, கையெழுத்து போட்டதுக்கு இருக்கும்னாங்க. இன்னொண்ணு, நல்லா வேலை செஞ்சீங்கன்னா முதல் வருச முடிவுல "எம்எஸ்சிய விட்டுட்டு பிஹெச்டிக்கு மாறிக்கலாமே"ன்னு ஆசை காட்டுவாங்க. மாறினா எம்எஸ்சி தீசிஸ் எழுத வேணாம், ஆனா மாஸ்டர்ஸ் டிகிரியும் கெடைக்காது, நடுவுல விட்டா கைல ஒண்ணும் இல்லாம போகவும் வாய்ப்பிருக்கு. யோசிச்சு தலையாட்டுங்க.

தீசிஸ் எழுதறதுல ரொம்ப நேரம் தின்னது எக்ஸ்பெரிமென்டல் சேப்டர். செஞ்ச ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் கலர், மெல்டிங் பாயின்ட், ப்ரோட்டான், கார்பன், ஹை ரெசல்யூஷன் மாஸ் எல்லாம் வரணும், அளந்த மாஸ் கணக்கு போட்டதுக்கு 5 பிபிஎம்முக்குள்ள (பத்து லட்சத்துல அஞ்சு பங்கு) அடங்கணும், ஒரு கார்பன் பீக் கொறஞ்சாலும் கமிட்டில யாராவது எண்ணிப் பாத்து கேப்பாங்க. ஸ்பெக்ட்ரம் எடுத்த அன்னிக்கே அந்த டேட்டாவ எழுதி வெச்சுட்டா கடைசில பாதி சேப்டர் ரெடியா இருக்கும். படம் வரைய கெம்ட்ராதான், யுனிவர்சிட்டி லைசென்ஸ் குடுத்துடும், உள்ள ஏசிஎஸ் 1996 செட்டிங்னு ஒண்ணு இருக்கு, முதல் நாள்லேர்ந்தே அதுல வரைங்க, இல்லன்னா கடைசில நூத்துக்கணக்கான ஸ்ட்ரக்சரை சைஸ் சரி பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும். ரெஃபரன்ஸுக்கு ஸோட்டெரோ, ஓசி, குறை சொல்ல ஒண்ணுமில்ல. வேர்டா லேட்டெக்ஸாங்கற சண்டைல எறங்க மாட்டேன், உங்க சூப்பர்வைசர் எதுல திருத்துவாரோ அதுல எழுதுங்க, எங்காளு வேர்டுல ட்ராக் சேஞ்சஸ் இல்லாம எதையும் தொடமாட்டாரு.

டிஃபென்ஸ் நாள் நெனச்ச அளவுக்கு பயங்கரமில்ல. அரை மணி நேர டாக், அப்புறம் ரெண்டு ரவுண்டு கேள்வி. ஜாலமான கேள்வியெல்லாம் இல்ல, அடிப்படைலதான் குத்துவாங்க. போர்டுல கேட்டலிட்டிக் சைக்கிள் போடு, இந்த ஸ்டெப்ல பல்லேடியத்தோட ஆக்ஸிடேஷன் ஸ்டேட் என்ன, உன் ப்ராடக்ட் ஹோமோகப்ளிங்ல வந்தது இல்லன்னு எப்படி சொல்ற. ஊர்ல நெட், கேட் எக்ஸாமுக்கு படிச்ச இனார்கானிக் இங்க வந்து கை குடுத்துச்சு, வெளி டிபார்ட்மென்ட் எக்ஸாமினர் ட்ரான்ஸ் எஃபெக்ட் பத்தி கேட்டப்ப டகடகன்னு போட்டுட்டேன். அப்புறம் வெளிய அனுப்பிட்டு அவங்க பேசிக்குவாங்க, திரும்ப கூப்பிட்டு கை குடுத்து மைனர் ரிவிஷன்ஸ்னு சொன்னாங்க. கமிட்டிக்கு டோனட், காபி நம்மதான் வாங்கி வைக்கணும்னு எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு வழக்கம், நான் சமோசா வெச்சேன், ஒண்ணு மிச்சமில்ல.

கடைசி காப்பி பிடிஎஃப்பா யுனிவர்சிட்டி ரெப்பாசிட்டரில ஏத்தணும், மார்ஜின், பக்க நம்பர்னு க்ராஜுவேட் ஆபீஸ் ரெண்டு தடவை திருப்பி அனுப்பும், அங்கேர்ந்து லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடாவோட தீசிஸ் கலெக்ஷனுக்கும் போயிடும். பேப்பர் இன்னும் வரலன்னா எம்பார்கோ கேட்டு கொஞ்ச காலம் மறைச்சு வைக்கலாம். அம்மாவுக்கு லிங்க் அனுப்பினா "புக்கு எங்கடி, கறுப்பு ரெக்ஸின் அட்டைல தங்க எழுத்துல பேர் போட்டு குடுப்பாங்களே"ன்னு கேட்டாங்க. ஊருக்கு வந்தப்ப காலேஜ் எதிர்ல இருக்கற பைண்டிங் கடைல குடுத்து அதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுத்துட்டேன், ஷோகேஸ்ல இருக்கு, பக்கத்துல தம்பியோட கபடி கப்.

வேலை விஷயத்துல ரெண்டு வார்த்தை. 2024 பிப்ரவரிலேர்ந்து மாஸ்டர்ஸ் முடிச்சா, ரெண்டு வருசத்துக்கு கம்மியான கோர்ஸா இருந்தாலும், மூணு வருச வொர்க் பர்மிட் கெடைக்கும், அது நல்ல விஷயம். ஆனா வேலை விளம்பரத்துல பாதிக்கு மேல ஃபார்மா க்வாலிட்டி கன்ட்ரோல், ஹெச்பிஎல்சி (கலவையை பிரிச்சு அளக்கற மெஷின்) தெரியுமா, ஜிஎம்பி (மருந்து தயாரிப்பு தர விதிகள்) தெரியுமான்னுதான் கேக்கறாங்க, உங்க பாஸ்ஃபீன் லிகண்டை யாரும் சீந்த மாட்டாங்க. லேப்ல இருக்கற காலத்துலயே ஹெச்பிஎல்சிய நோண்டி மெத்தட் வேலிடேஷன் கத்துக்கறது உத்தமம். க்யூபெக் பக்கம் போறவங்க கவனிக்கணும், அங்க கெமிஸ்ட்ங்கறது லைசென்ஸ் வேண்டிய தொழில், ஃப்ரெஞ்சும் வேணும்.

ஊர்லயே நல்ல எடத்துல ரெண்டு வருச எம்எஸ்சி முடிச்சு, நெட் எக்ஸாம்ல ஜேஆர்எஃப்பும் (ரிசர்ச்சுக்கு மாசாமாசம் தர்ற ஃபெல்லோஷிப்) அடிச்சவங்களுக்கு நான் இதை சிபாரிசு பண்ண மாட்டேன். 2023 ஜனவரிலேர்ந்து ஜேஆர்எஃப் மாசம் 37,000, அதுக்கு மேல ஹெச்ஆர்ஏ, அதுல நல்ல லேபா பாத்து பிஹெச்டி போயிடலாம், இல்ல வெளிநாடுதான்னா நேரா பிஹெச்டிக்கே அப்ளை பண்ணுங்க, இன்னொரு மாஸ்டர்ஸ் தேவையில்ல. இது மூணு வருச பிஎஸ்சி மட்டும் வெச்சிருக்கறவங்களுக்கும் கஷ்டம், பல யுனிவர்சிட்டி நாலு வருச டிகிரி கேக்குது. என்னை மாதிரி சாதாரண காலேஜ்ல எம்எஸ்சி முடிச்சுட்டு ரிசர்ச் அனுபவமே இல்லாம நிக்கறவங்களுக்குத்தான் சரியா பொருந்தும்.

அப்ளை பண்றவங்க யுனிவர்சிட்டி போர்ட்டலுக்கு முன்னாடி ப்ரொஃபசருக்கு மெயில் போடணும், அவர் எடுத்துக்கறேன்னு சொன்னாத்தான் பெரும்பாலான எடத்துல வேலை நடக்கும். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்"னு நூறு பேருக்கு ஒரே மெயில் அடிச்சா குப்பைக்குத்தான் போகும், அவரோட ஒரு பேப்பரை நெஜமா படிச்சு, அதுல ஒரு கேள்வி, நீங்க கையால செஞ்ச டெக்னிக் எது, அவ்ளோதான், எட்டு வரி போதும். மெயில் போடறதுக்கு முன்னாடி கனடால ஆராய்ச்சிக்கு காசு குடுக்கற அரசு அமைப்பான என்செர்க்கோட அவார்ட்ஸ் டேட்டாபேஸ்ல அவர் பேரை தேடிப் பாருங்க, பொதுவுல எல்லாரும் பாக்கலாம், அவங்க ப்ரொஃபசருங்களுக்கு தர்ற டிஸ்கவரி க்ராண்ட் பெரும்பாலும் அஞ்சு வருசத்துக்கு குடுப்பாங்க, கடைசி வருசத்துல இருக்கறவர்னா புதுசா ஆள் எடுக்க தயங்குவாரு. அவர்கிட்ட முடிச்ச எம்எஸ்சி ஸ்டூடன்ட்ஸ் பேரு க்ரூப் வெப்சைட்ல இருக்கும், அதுல ரெண்டு பேரை லிங்க்ட்இன்ல புடிச்சு "எப்ப சேந்தீங்க, எப்ப முடிச்சீங்க, ட்ராஃப்டை எத்தனை நாள்ல திருப்பித் தருவாரு"ன்னு கேளுங்க. செப்டம்பர் இன்டேக்குக்கு மெயிலை அதுக்கு முந்தின வருசம் ஆகஸ்ட், செப்டம்பர்லயே ஆரம்பிச்சுடுங்க, பல எடத்துல டிசம்பர், ஜனவரிலேயே கதவை சாத்திடுவாங்க.